பிட், காப்பி, ஆன்லைன் பட்டம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அக்கவுன்டன்சியும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் பி.காம்., பி.சி.ஏ., பி.ஏ. படிப்பவர்கள் வருகிறார்கள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் நிறைய. பரீட்சை நெருங்கினால் இவர்களும் இவர்கள் அப்பா அம்மாவும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டுவிட்டேன்.

"காப்பின்னா பிட் எடுத்துட்டுப் போறது மட்டும் தானே மிஸ்?"

இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் விடைத்தாளைப் பார்ப்பது, நண்பனின் அசைன்மென்ட்டைப் பெயர் மாற்றிக் கொடுப்பது, ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது, வராத தோழிக்கு அட்டெண்டன்ஸ் சொல்வது, ஒருவருக்காக இன்னொருவர் பரீட்சை எழுதுவது எல்லாம் இதில் சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை கிடையாது. ஆள்மாறாட்டம் போலீஸ் வரைக்கும் போகும். 2019-ல் நீட் தேர்வை வேறு ஆளை வைத்து எழுதி தேனி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததாக வந்த புகாரை சி.பி.சி.ஐ.டி. விசாரித்து, மாணவரையும் அவர் அப்பாவையும் கைது செய்தது நினைவிருக்கும்.

தெரியாமல் மாட்டுவது பெரும்பாலும் செல்போனால்தான். சுவிட்ச் ஆஃப் செய்து பாக்கெட்டில் இருந்தாலும் ஹாலுக்குள் இருக்கிறது என்பதே போதும். கால்குலேட்டர் மூடியில் எழுதிய ஃபார்முலா, ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்த போன் நம்பர் எல்லாம் இப்படித்தான். ஹாலுக்குள் போகும் முன் பாக்கெட்டை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்பதும், ஒருவர் இன்னொருவருக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் காப்பி இல்லை. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

"பிட்டோட மாட்டினா இன்னா பண்ணுவாங்க?"

ஹால் சூப்பர்வைசரோ பறக்கும் படையோ விடைத்தாளையும் பிட்டையும் வாங்கிக்கொள்வார்கள். எழுத்து மூலமாக ஒரு விளக்கம் கேட்பார்கள். அது பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு குழு பார்க்கும். அதுவரை ரிசல்ட்டை நிறுத்தி வைப்பார்கள். குற்றத்தின் அளவைப் பொறுத்து அந்த ஒரு பேப்பர் ரத்தாகலாம், அந்த செமஸ்டர் முழுவதும் ரத்தாகலாம், அடுத்த சில தேர்வுகள் எழுத விடாமலும் தடுக்கலாம்.

விளக்கக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பயத்தில் பிள்ளைகள் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வருகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நடந்ததை நடந்தபடி உங்கள் கையாலேயே எழுதுங்கள். தமிழில் எழுதலாம். பிட் உங்களுடையது இல்லை என்றால் அதையும், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களுடையது என்றால் பொய் எழுத வேண்டாம். பிட்டில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தாலே குழுவுக்குத் தெரிந்துவிடும்.

"பிட் அடிச்சா ஜெயில்னு புதுச் சட்டம் வந்துருக்காமே?"

2024 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகள், நீட் போன்ற மத்திய அரசு அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கானது. வினாத்தாளை வெளியே விடுபவர்கள், விடைத்தாளைத் திருத்தி வைப்பவர்கள், இதற்காகக் கும்பல் நடத்துபவர்கள்தான் அதன் குறி. 3 முதல் 5 ஆண்டு வரை சிறை, கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு, குறைந்தது 1 கோடி ரூபாய் அபராதம். உங்கள் செமஸ்டர் பரீட்சை அதில் வராது. அதற்குப் பல்கலைக்கழக விதிகள்தான்.

"எல்லாரும் பிட் எடுத்துட்டுப் போறாங்க. நான் மட்டும் எடுக்கலைன்னா நஷ்டம் எனக்குத் தானேக்கா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் படித்தவள் 52 வாங்கி, மைக்ரோ ஜெராக்ஸ் (பொடி எழுத்தில் நகல் எடுத்த பிட்) கொண்டுபோனவன் 71 வாங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். "எல்லாரும்" என்பது மட்டும் நிஜமில்லை. பிட் எடுத்துப் போனவர்கள் வெளியே வந்து சத்தமாகச் சொல்வார்கள். படித்து எழுதியவர்கள் பேசாமல் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அதனால் ஊரே பிட் அடிப்பது போலத் தெரிகிறது.

இங்கே பி.காம். முடித்தவர்கள் வேலை தேடிப் போகும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெருவில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், மண்ணடியில் ஆடிட்டர் ஆபீஸ், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டு. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஓர் ஆபீஸில் இன்டர்வியூ. மார்க் ஷீட்டைத் திறந்தே பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "கடனுக்கு வாங்கின சரக்குல கொஞ்சம் டேமேஜ்னு திருப்பி அனுப்பிட்டோம், என்ட்ரி போடும்மா" என்றார்களாம். சப்ளையர் கணக்கில் பற்று, கொள்முதல் திருப்பத்தில் வரவு. அவ்வளவுதான். முதல் செமஸ்டர் பாடம். அவள் போட்டாள். அவளுக்கு முன் போன பையன், அவளைவிட அதிக மார்க் வைத்திருந்தவன், பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தான்.

அப்பாவின் நண்பர் கம்பெனி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் தெரியாவிட்டாலும் ஒரு நாற்காலி காத்திருக்கும். துறைமுகத்தில் லோடு இறக்குபவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வெள்ளைத்தாள் ஒன்றுதான் வாசல். பிட் நம் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது இதைத்தான். நான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதும் இதற்காகத்தான்.

"சாரே கிளாசுக்கு வர்றதில்ல. அப்புறம் பசங்க காப்பி அடிச்சா மட்டும் தப்பா?"

தப்புதான். ஆனால் பாடம் நடத்தாமல் விட்டதும் அதே அளவு தப்பு. ஒன்றைக் கண்டித்துவிட்டு மற்றதைப் பற்றிப் பேசாமல் போகும் கூட்டங்களைக் கல்லூரிகளில் நிறையப் பார்க்கிறேன். அது எனக்கு ஒப்புதல் இல்லை. செமஸ்டரின் பாதி நாள் காலி வகுப்பு, கடைசி வாரத்தில் "இந்த இருபது கேள்வியைப் படிச்சுக்கோங்க" என்று ஒரு தாள். இப்படி நடந்தால் பிட் அங்கேயே பிறந்துவிடுகிறது. எந்தப் பேப்பரில் அதிகம் பேர் பிட் எடுத்துப் போகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பாடம் நடக்காத பேப்பராகத்தான் இருக்கும்.

ஆசிரியர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளில் நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல், பெரும் பகுதி வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் ஓடுகின்றன. பிஎச்.டி. முடித்து, நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேறி, மாதம் 25,000 ரூபாய்க்கு (2024 நிலவரம்) வேலை செய்கிறார்கள். வருடத்தில் 11 மாதம்தான் அதுவும். 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-லேயே சொல்லிவிட்டது. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று கல்லூரி ஓடுகிறது. அந்தச் சம்பளத்திலும் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். வேறு வேலையும் பார்த்தால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும் என்று இருப்பவர்களையும் தெரியும்.

தனியார் கல்லூரிகளில் கதை வேறு. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் பட்டியலோடு வெளியிட்டது. கணக்குக்கு மட்டும் ஆசிரியர் இருந்தால் வகுப்பில் யார் நிற்பார்கள்? மாணவன் பிட் வைத்திருந்தால் செமஸ்டரே ரத்தாகலாம். இல்லாத ஆசிரியரைக் காட்டி அனுமதி வாங்கினால் அதுவும் காப்பிதான். அதற்குப் பணம் கட்டியது அந்தப் பிள்ளையின் வீடு.

"அதை யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா இன்டர்னல்ல கை வெப்பாங்களே!"

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 25 ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள். வகுப்பாகச் சேர்ந்து எழுதுங்கள். "சார் சரியில்லை" என்று எழுதினால் அது ஆள் மீதான புகாராகப் போய்விடும். எந்தத் தேதி, எந்த நேரம், எந்தப் பேப்பருக்கு வகுப்பு நடக்கவில்லை என்று ஒரு மாதத்துக்குக் குறித்து, "இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவை" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் பாடத்தை. அதில் யாரும் கோபப்பட இடமில்லை.

முதலில் துறைத் தலைவர், அடுத்து முதல்வர். அதற்கும் அசையவில்லை என்றால் மாணவர் குறைதீர் குழு. 2023-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநருக்கும் மனுப் போடலாம். திருத்திக் கொடுத்த இன்டர்னல் தாள்களை எல்லாம் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் மார்க் குறைந்தால் கேட்பதற்கு ஆதாரம் அதுதான்.

"என் பொண்ணு வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல படிக்கட்டுமா? அதுக்கு மதிப்பு இருக்கா டீச்சர்?"

அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் என்றால் மதிப்பு உண்டு. அங்கீகாரத்தோடு நடத்தப்படும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் அறிவித்தது. இது நமக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981 முதல் தொலைதூரக் கல்வி இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது. இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டே இப்படிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

சேருவதற்கு முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கான பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் தன் பெயரில் டெப் ஐ.டி. (அந்தப் பிரிவின் தளத்தில் பதிந்து வாங்கும் அடையாள எண்) எடுக்க வேண்டும். "எல்லாம் நாங்களே போட்டுருவோம், நீங்க பரீட்சைக்குக்கூட வர வேணாம்" என்று ஒரு சென்டர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அங்கே விற்பது படிப்பு இல்லை, வெறும் காகிதம். பல்கலைக்கழகங்கள் இப்படி ஏஜென்சி கொடுத்துப் படிப்பு நடத்தக் கூடாது என்பது விதி.

பிளஸ் 2 முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் தமிழ்நாடு அரசு வேலைக்கு அது செல்லாது. பத்து, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசை வேண்டும். அப்புறம், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நேரடியாகக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத்தான், அஞ்சல் வழியில் படித்தால் கிடைக்காது. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் இதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

"ஆன்லைன் பரீட்சைன்னா வீட்டுல உக்காந்து பாத்து எழுதிடலாம் தானே?"

கொரோனா காலத்து நினைவில் கேட்கிறீர்கள். அப்போது வினாத்தாளை இறக்கி, வீட்டிலேயே ஏ4 தாளில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிட்டு, தாள்களைக் கட்டித் தபாலிலும் போட்டோம். 2021 தொடக்கத்தில் அரசு நாள் ஒன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டு கொடுத்த காலம் அது. பாத்து எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு பையன் எனக்குக் காட்டிய விடைத்தாளில் "மேலே உள்ள படத்தில் காட்டியபடி" என்று அழகாக எழுதியிருந்தான். மேலே படம் எதுவும் இல்லை. கைடில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறான்.

அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே அறை வீட்டில், ஒரே போனில், தம்பியும் தங்கையும் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது இவர்கள் படித்தார்கள். பல வகுப்புகள் ஆசிரியர் திரையைப் பார்த்து வாசித்ததோடு முடிந்தன. பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை என்று போன செமஸ்டர்கள் அவை.

இப்போது அப்படி இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடம் ஆன்லைன், தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு என்றாலும் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையை விட்டு வேறு பக்கம் போனால் பதிவாகும். பின்னால் இன்னொருவர் நடந்தாலும் பதிவாகும். சின்ன வீடுகளில் இதுதான் பெரிய கஷ்டம். அம்மா தண்ணீர் எடுக்க வந்ததுகூடச் சந்தேகமாகிவிடுகிறது. தேர்வுக்கு முன்பே எழுதிக் கேட்டு, முடிந்தால் மையத்தில் எழுத அனுமதி வாங்குங்கள்.

"ஸ்வயம்ல சேந்தேன். அசைன்மென்ட் விடை எல்லாம் டெலிகிராம்லயே வருது. போட்டுக்கலாமா?"

கணக்கை மட்டும் பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் தளத்தில் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு 25-ல் 10-ம், 75-ல் 30-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். டெலிகிராமைப் பார்த்து 25-க்கு 25 வாங்கினாலும் ஹாலில் 29 என்றால் ஒன்றும் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வாரம் சொதப்பினாலும் பாதகமில்லை. அப்படி இருக்கும்போது சொந்தமாகப் போட்டுத் தப்பு செய்வதில் என்ன பயம்? தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய், சேர்ந்து படிப்பது இலவசம். உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால் கிரெடிட்டும் கிடைக்கும். பணம் கட்டும் முன் அதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரெக்கார்ட் நோட்டை எழுதித் தர ஆள் இருக்காங்க. ப்ராஜெக்ட்டும் ரெடிமேடா கிடைக்குது. எல்லாரும் வாங்கறாங்களே?"

ரெக்கார்ட் எழுதுவதில் வெறும் கை வலிதான் என்று நினைப்பவர்களுக்கு எனக்குப் பதில் சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பல இடங்களில் அது அப்படித்தான் ஆகிவிட்டது. செய்யாத பிராக்டிகலுக்கு ரெக்கார்ட் மட்டும் எழுதச் சொன்னால் பிள்ளை வேறு என்ன நினைப்பாள்? வகுப்பு நடக்காததற்கு மேலே சொன்ன மாதிரி, லேப் நடக்கவில்லை என்றால் தேதியோடு குறித்து லேப் கேளுங்கள்.

ப்ராஜெக்ட் வேறு விஷயம். வாங்கிய ப்ராஜெக்ட்டோடு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போனால், "இந்த லைன் என்ன செய்யுது?" என்ற ஒரு கேள்வியில் முடிந்துவிடும். ரெடிமேட் கொடுப்பவர்கள் ஒரே ப்ராஜெக்ட்டை நான்கு கல்லூரிக்கு விற்கிறார்கள். முதுநிலைக்கு ஆய்வேடு எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள், 40-ஐத் தாண்டினால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சின்னதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்யுங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எப்படி நடக்கிறது, யாருக்கு எவ்வளவு கமிஷன் என்று நான்கு காலை நேரம் போய்க் கேட்டு எழுதினால் அதுவே நல்ல பி.காம். ப்ராஜெக்ட். வேறு ஊர் மாணவருக்குக் கிடைக்காத விஷயம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

"சாட்ஜிபிடில அசைன்மென்ட் எழுதினா கண்டுபிடிப்பாங்களா?"

கருவியால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆனால் உங்களைத் தெரிந்த ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். வகுப்பில் ஒரு பத்தி ஆங்கிலம் எழுதத் திணறும் பையன் அசைன்மென்ட்டில் அறிஞர் மாதிரி எழுதினால் தெரியாதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளைப் பாதிக்கு மேல் இந்தக் கருவிகள் தவறாக "ஏ.ஐ. எழுதியது" என்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். தமிழ் வழியில் படித்து, எளிய சொற்களில், மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்பில் எழுதும் நம் பிள்ளைகள்தான் இதில் மாட்டுவார்கள். அதனால் கைப்பட எழுதிய முதல் படியைத் தூக்கிப் போடாதீர்கள். யாராவது சந்தேகப்பட்டால் அதைக் காட்டி, "இங்கேயே உட்கார்ந்து ஒரு பத்தி எழுதிக் காட்டறேன் மேடம்" என்று சொல்லுங்கள்.

புரியாத பாடத்தை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை நான் தடுப்பதில்லை. வகுப்பில் கையைத் தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. அது தரும் கணக்கில் தப்பும் வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுப் புரிந்த பிறகு மூடிவிட்டு எழுதுங்கள்.

"யூடியூப்லயே எல்லாப் பாடமும் இருக்கு. காலேஜுக்கு எதுக்குப் போகணும்?"

நல்ல வீடியோ மோசமான வகுப்பைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோ உங்கள் விடைத்தாளைப் படிக்காது. நீங்கள் பற்றையும் வரவையும் எந்த இடத்தில் மாற்றிப் போடுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. நல்ல ஆசிரியர் திருத்தும்போது ஓரத்தில் போடும் ஒரு குறிப்பு, அடுத்த நாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்வது, இவைதான் கற்பித்தல். கல்லூரியிலும் அது நடக்கவில்லை என்றால் வீடியோவும் வகுப்பும் ஒன்றுதான்.

"அப்போ நல்ல காலேஜ்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நாக் கிரேடு பாத்தா போதுமா?"

கல்லூரிகளை ஆய்வு செய்து தரம் போடும் தேசிய அமைப்புதான் நாக். அதன் கிரேடு மட்டும் போதாது. 2025 பிப்ரவரியில் லஞ்சம் வாங்கிக்கொண்டு உயர்ந்த கிரேடு கொடுக்க முயன்றதாக நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. கட்டடத்தையும் ஏ.சி. ஹாலையும் பார்த்துவிட்டும் முடிவெடுக்காதீர்கள். கல்லூரி விடும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த வாரம் எத்தனை வகுப்பு நடந்தது, இன்டர்னல் தாளைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா, சந்தேகம் கேட்டால் யார் இருப்பார்கள்.

திருத்திய தாள் கையில் வருகிறதா என்பதுதான் நான் முதலில் கேட்பது. இந்தப் பக்கத்தில் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி எல்லாம் நடந்து போகும் தூரத்திலோ ஒரே பஸ்ஸிலோ இருக்கின்றன. லட்சம் கட்டும் இடத்துக்கு ஓடும் முன் அங்கே போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

"ஃப்ரெண்டு பேப்பரைக் காட்டுன்னு கெஞ்சறான். காட்டலைன்னா பேச மாட்டான்."

காட்டியவருக்கும் பார்த்தவருக்கும் ஒரே நடவடிக்கைதான் வரும். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவனைக் கூப்பிட்டு வைத்து ஐந்து கேள்வி சொல்லிக் கொடுங்கள். அதுவே 30 மார்க்குக்கு வரும். அதற்கும் வராதவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"நான் நிஜமாவே நல்லா எழுதினேன். ஃபெயில் போட்டுட்டாங்க. திருத்தறதுலயே கோல்மால் இருக்கும்போது நான் ஏன் நேர்மையா இருக்கணும்?"

திருத்துவதிலும் தவறு நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிந்தது. உங்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நேர்மையாக எழுதியவருக்குத்தான் தன் விடைத்தாளைத் திறந்து பார்க்கும் தைரியம் இருக்கும்.

திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்துவிட்டது. ரிசல்ட் வந்ததும் பல்கலைக்கழகம் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் நகல் கேளுங்கள். வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா, உள்ளே போட்ட மார்க்கும் முகப்பில் உள்ள கூட்டலும் ஒன்றா, கூடுதல் தாள் விட்டுப்போயிருக்கிறதா. பாடம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிட்டு அதற்கப்புறம் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பேப்பருக்கும் கட்ட வேண்டாம்.

"ஃபைனல் இயர் வந்துட்டேன். மூணு வருஷமும் பிட்டுலதான் ஓட்டினேன். இனிமே என்னக்கா பண்றது?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் போன பிறகு தனியாக வந்து கேட்கிறார்கள். திட்ட மாட்டேன், கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று வருடப் பாடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பி.காம். என்றால் ஃபைனான்சியல் அக்கவுன்டன்சியில் ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், ஃபைனல் அக்கவுன்ட்ஸ், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். அதோடு ஜி.எஸ்.டி. அடிப்படை, டாலி என்ற கணக்கு மென்பொருள். பி.சி.ஏ. என்றால் ஒரே ஒரு மொழியில் யாரையும் கேட்காமல் ஒரு சின்ன புரோகிராம் எழுதும் அளவுக்கு. நான் மேலே சொன்ன இன்டர்வியூக்களில் கேட்பது இவ்வளவுதான். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கைந்து மாதத்தில் முடியும்.

புத்தகத்துக்குச் செலவு வேண்டாம். சென்ட்ரல் பின்னால் லில்லி பாண்ட் வளாகத்து மூர் மார்க்கெட் கடைகளில் பழைய அக்கவுன்டன்சி புத்தகம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே பாதிக் கணக்கு பென்சிலால் போட்டே இருக்கும், அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் இருக்கிறது. மீதமிருக்கும் கடைசி செமஸ்டர் பேப்பர்களைப் பிட் இல்லாமல் எழுதுங்கள். ஒன்றிரண்டில் அரியர் விழுந்தாலும் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். முதல் செமஸ்டர் சிலபஸ் தாளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சாயங்காலம் வாருங்கள், எங்கிருந்து தொடங்குவது என்று சேர்ந்து குறித்துக்கொள்வோம்.